லட்சத்தில் ஒருவரைத் தேடிய குழு

மனிதகுலம் தோன்றிய நாளிலிருந்து எத்தனையோ ஆபத்துகளைச் சந்தித்திருக்கிறது. ஆனால் ஓர் ஆபத்து வருவதற்கு முன்பே அதைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்த பெருமை பூண்டுப்பாறைப் பஞ்சாயத்துக்கு மட்டுமே உரியது. அந்தப் பெருமையில் பெரும்பங்கு தலைவர் தண்டாயுதபாணியைச் சேரும். பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் போகும் வழியில் இருக்கும் அந்தச் சிற்றூரில் அவர்தான் பெரிய பூண்டு வியாபாரி. ஒரு மூட்டைக்குள் அழுகிய பூண்டு ஒன்று கிடந்தாலும் மூக்காலேயே கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்தெறிந்துவிட்டு மூட்டையை விற்றுவிடுவார்.

ஐம்பத்தேழாம் வருஷம் புளூ காய்ச்சல் கீழ்நாட்டையெல்லாம் படுக்கவைத்துவிட்டு மலையேறியது. ஐப்பசி மாதம், ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் தடுப்பு மருந்தோடு நர்ஸ் கித்தேரியம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். பஞ்சாயத்துத் தலைவர் சம்மதித்தால்தான் பிளாஸ்க்கைத் திறக்கலாம் என்பது மேலிடத்து உத்தரவு. 

"இந்த ஊசியால ஆபத்து ஏதும் உண்டுங்களா?" என்று கேட்டார் தலைவர்.

"கை ரெண்டு நாளைக்கு வலிக்குங்க. சில பேருக்கு லேசா உடம்பு காயும். முட்டை ஒத்துக்காதவங்களுக்குப் போட மாட்டோம். அதையும் மீறி லட்சத்துல ஒருத்தருக்கு மூச்சு முட்டலாம். அதுக்கும் மருந்து கையோட கொண்டாந்திருக்கேன்."

"காய்ச்சல் வந்தா?"

"கோடைக்கானல்ல நெஞ்சுல சளி கட்டி ஏழெட்டுப் பேரு போயிட்டாங்க. மூச்சு இளைப்பு உள்ளவங்களுக்குத்தான் ரொம்ப ஆபத்து. அவங்களுக்கு மொதல்ல போடணும்."

சாதாரண மனிதனாக இருந்தால் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்திருப்பான். தலைவர் சாதாரண மனிதர் அல்ல.

"காய்ச்சல் எல்லாருக்கும் பொதுங்க. அத விடுங்க. லட்சத்துல ஒருத்தர்னீங்களே, அவரு யாரு?"

"அது எப்படிங்க தெரியும்?"

"நம்ம ஊர்ல லட்சம் பேரு கெடையாது. ஆனா அந்த ஒருத்தன் இருக்கலாம்ல?"

கித்தேரியம்மாள் பிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

தலைவர் இப்படித் தயங்கியதற்கு உள்ளே ஒரு காரணம் இருந்தது. அவருடைய அக்கா பிச்சையம்மாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். இளைப்புக்காரி. பனி இறங்கிவிட்டால் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குவாள். அன்று ஊசிக்கு முதல் ஆளாக வந்து நின்றவளும் அவள்தான்.

"ஏலே, எனக்குப் போடச் சொல்லுடா. இந்தப் பனியில காய்ச்சலும் வந்தா நான் தாங்க மாட்டேன்."

தலைவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயே அந்த ஒருத்தியா இருந்துட்டா என்னக்கா பண்ணுவேன்? தம்பியே சம்மதம் குடுத்துக் கொன்னுட்டான்னு ஊரு பேசாதா?"

"காய்ச்சல்ல செத்தா?"

"அது விதிக்கா. விதிக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்ல."

அன்றே 'லட்சத்தில் ஒருவரைக் கண்டறியும் குழு' அமைக்கப்பட்டது. கோயில் தர்மகர்த்தா சுப்புராஜ் முதல் ஆட்சேபணையை எழுப்பினார். "மருந்த முட்டைக்குள்ள வச்சு வளக்குறாங்களாம். அந்த முட்டை பொரிஞ்சிருந்தா சேவல். சேவல்னா முருகன் கொடியில இருக்கறது." இரண்டு கூட்டங்கள் ஆழ்ந்து விவாதித்து, அது பெட்டைக்கோழியாகவும் ஆகியிருக்கலாம் என்று சந்தேகத்தின் பலன் மருந்துக்கு அளிக்கப்பட்டது.

அடுத்து, அந்த ஒருவர். தலைவர் தம் தொழில் அனுபவத்தை ஊருக்குக் காணிக்கையாக்கினார். அழுகிய பூண்டை எடுத்துவிட்டால் மூட்டை சுத்தம். ஊரில் அந்தப் பூண்டு யார்? நல்லுசாமி என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவன் பூண்டைக் காயப்போட்டால் மழை வரும். அவன் ஏறினால் பஸ் பாதி வழியில் நின்றுவிடும்.

"நான் என்னங்க செஞ்சேன்?" என்றான் நல்லுசாமி.

"நீ ஒண்ணும் செய்யலப்பா. உனக்குத்தான் ஏதாச்சும் ஆகும். ஊசி போட்டு முடியுற வரைக்கும் மன்னவனூர்ல மாமனார் வீட்டுல இரு."

மாலை போட்டு, வழிச்செலவு கொடுத்து அனுப்பிவைத்தார்கள். இத்தோடு விஷயம் முடிந்திருக்கும். தலைவரின் கூர்மதி விடவில்லை. "அவன் போயிட்டான், சரி. இப்ப இருக்கற சனத்துல அந்த ஒருத்தன் யாரு?"

குழு மறுபடி கூடியது. கித்தேரியம்மாள் வாராவாரம் வந்தார். ஒவ்வொரு வாரமும் பிச்சையம்மாள் முன்னால் வந்து நின்றாள். "விசாரணை நடந்துட்டிருக்குக்கா" என்றார் தம்பி. கடைசியில் நர்ஸம்மா அதே பஸ்ஸில் மன்னவனூர் போய், அங்கே கேட்டவர்களுக்கெல்லாம் ஊசி போட்டுவிட்டுத் திரும்பினார்.

அப்போதும் தலைவர் சும்மா இருக்கவில்லை. ஊசி போட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நேரிலேயே விசாரிக்கக் கோடைக்கானல் போனார். விடுதி, டீக்கடை, மார்க்கெட் என்று ஆள் ஆளாக விசாரித்தார். ஊசி போடாத சிலரும் இருமிக்கொண்டே தங்கள் அபிப்பிராயத்தைச் சொன்னார்கள். தலைவர் ஊர் திரும்பியபோது அவரும் இருமினார்.

அக்காதான் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். நெற்றியில் பற்றுப் போட்டாள். ராத்திரியெல்லாம் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தம்பி எழுந்து உட்கார்ந்த அன்று அவள் படுத்தாள். அதற்குள் குழு உறுப்பினர்களும், வீட்டுக்கு வீடு மற்றவர்களும் காய்ச்சலோடு கம்பளிக்குள் போய்விட்டார்கள்.

செய்தி கேட்டு நல்லுசாமி விரைந்து வந்து சேர்ந்தான். அண்டாவில் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது அந்த அழுகிய பூண்டுதான். பிச்சையம்மாளுக்கு மட்டும் கஞ்சி இறங்கவில்லை. மூன்றாம் நாள் மூச்சும் நின்றது. பாடைக்கு முன்தோள் கொடுத்தவனும் அவன்தான்.

காரியம் முடிந்தபின் குழு கடைசியாகக் கூடியது. தலைவரின் கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன. நல்லுசாமியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"மன்னவனூர்ல நீ ஊசி போட்டியாமே? நெசமா?"

"ஆமாங்க. நர்ஸம்மா வந்தாங்க, போட்டுக்கிட்டேன்."

"என்ன ஆச்சு?"

"ரெண்டு நாளு கை வலிச்சுதுங்க."

தலைவர் சுப்புராஜைப் பார்த்தார். சுப்புராஜ் தலையை ஆட்டினார். தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்மானத்தைச் சொல்லத் தொடங்கினார். குரல் உடைந்தாலும் வார்த்தை உடையவில்லை.

"நம் ஊரில் ஊசி போட்டுக்கொண்ட ஒரே ஆளுக்குக் கைவலி கண்டிருப்பதால், குழுவின் அச்சம் சரியென்று நிரூபணமாகிறது. தலைவரின் எச்சரிக்கையால் மற்றவர் எவருக்கும் கைவலி வரவில்லை. குறிப்பாக, தலைவரின் தமக்கை பிச்சையம்மாளுக்குக் கடைசி மூச்சு வரை கை வலிக்கவே இல்லை."