மேசைக்கு அந்தப் பக்கம்

மாதாகோயில் நிலவறைக்குள் இறங்கிய ஆர்மாண்ட் வாயைத் திறப்பதற்குள், அங்கே பொறுப்பாக இருந்த டோரீன் அவன் கழுத்தில் ஏப்ரனை மாட்டிவிட்டாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. உருளைக்கிழங்கு மேசைக்கு ஆள் இல்லாம தவிச்சிட்டிருந்தேன்."

"இல்லம்மா, நான் வந்து…"

"பெரிய வேலையில்ல. ஆளுக்கு ஒரு பை எடுத்துக் குடுக்கணும். போங்க, போங்க."

அவன் வந்தது கிழங்கு வாங்க. அவன் வேலை பார்த்த காகித ஆலையை இலையுதிர் காலத்தில் மூடினார்கள். கையிருப்பு கிறிஸ்துமஸோடு கரைந்தது. இதுவரை காசு கொடுக்காமல் அவன் வீட்டுக்குள் வந்த பொருள் என்றால், அவனே சுட்ட மான் மட்டும்தான். நேற்று இரவுச் சாப்பாட்டுக்கு வெறும் ஓட்ஸ் கஞ்சியை வைத்துவிட்டு, மனைவி கோலெட் கூரையைப் பார்த்துச் சொன்னாள்: "நாளைக்கு மாதாகோயில் நிலவறையில இலவசமா சாமான் குடுக்கறாங்களாம்."

வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, துணிப்பைகளைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே வந்தவன் அவன். இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் நின்றான். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பிப்ரவரிக் குளிரிலும் காது இரண்டும் சுட்டன.

கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டு, டோரீனை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அதற்குள் வரிசையில் எமில் வந்து நின்றான். ஆலையில் பக்கத்து இயந்திரத்துக்காரன், ஊருக்கே ஒலிபெருக்கி.

"யோவ் ஆர்மாண்ட், நீயா? இங்கயா வேலை பாக்குற?"

"ஆமாப்பா… சும்மா… வாராவாரம் வருவேன்."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். எமில் திரும்பி வரிசைக்கே அறிவித்தான். "பாத்துக்கங்கப்பா. எங்கூட வேலை போனவன்தான். நான் வாங்க வந்திருக்கேன், இவன் குடுக்க வந்திருக்கான். மனுசன்னா இவன்தான்."

நாலைந்து பேர் கைதட்டினார்கள். ஆர்மாண்டுக்கு நிலவறைக்குக் கீழே இன்னொரு நிலவறை இருந்தால் தேவலை என்றிருந்தது. எமிலின் வாயை அடைக்க இன்னொரு பையையும் எடுத்து அவன் கையில் கொடுத்தான். பின்னால் நின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். மனுசன் என்று பெயர் வாங்கியவன் அவர்களுக்கு மட்டும் எப்படிக் குறைப்பது? எல்லோருக்கும் இரண்டிரண்டாகப் போயிற்று. மேசை மளமளவென்று காலியானது.

கடைசிப் பையில் அவன் கை வைத்தபோது எதிரே நீண்ட கை பழக்கமானதாக இருந்தது. நிமிர்ந்தான். கோலெட்.

போனவன் திரும்பவில்லையே, மனசு மாறி எங்கேயாவது உட்கார்ந்துவிட்டான் போலிருக்கிறது என்று அவளே கிளம்பி வந்திருந்தாள். ஏப்ரனைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை.

எமில் இன்னும் போகவில்லை. "ஏம்மா கோலெட், உன் புருசன் இங்க வாரி வழங்கறான், நீ எதுக்கு வரிசையில நிக்கிற?"

கோலெட்டின் கழுத்துவரை சிவந்தது. "நானா? அவருக்குச் சாப்பாடு கொண்டாந்தேன்."

"எங்க?"

அவள் தன் வெறும் கைகளைப் பார்த்தாள். "வண்டியில வெச்சிட்டு வந்துட்டேன்."

அந்த நேரம் பார்த்து டோரீன் வந்தாள். "இவரோட வீட்டம்மாவா? கடவுளாப் பாத்து அனுப்பிச்சார். அலமாரி துடைக்க ஆளில்ல." கோலெட்டின் கழுத்திலும் ஓர் ஏப்ரன் ஏறியது.

கடைசிப் பை அடுத்தாற்போல் நின்ற ஆளுக்குப் போனது. கூட்டம் கலைந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வெற்று அலமாரியைத் துடைத்தார்கள்.

"ஒரு பையாவது எடுத்து ஒளிச்சு வெச்சியா?" என்றாள் கோலெட், உதடு அசையாமல்.

"எமிலுக்கு ரெண்டாக் குடுத்துட்டேன்."

"வாங்க வந்தேன்னு சொல்றதுக்கு என்ன?"

"நீ சொன்னியா?"

துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் ஆர்மாண்டுக்குத் தாங்கவில்லை. துணியை வைத்துவிட்டு நேரே டோரீனிடம் போனான்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். நான் பொய் சொல்லிட்டேன். நான் வேலை செய்ய வந்தவன் இல்ல. எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல. நாங்க…" ஏப்ரனை அவிழ்க்கப் போனான்; முடிச்சு ஒத்துழைக்கவில்லை.

டோரீன் பின்னறைக் கதவைத் திறந்தாள். உள்ளே கிழங்கு, டின் மீன், பீன்ஸ், ரொட்டி என்று நிரப்பிய பெட்டிகள் சுவரோரமாக இருந்தன. ரொட்டி மேசைக்காரியும் பால் மேசைக்காரனும் ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பின்வாசல் வழியாகப் போனார்கள்.

தரை கூட்டிக்கொண்டிருந்த கிழவர் லயனல் துடைப்பத்தில் சாய்ந்து நின்று ஆர்மாண்டைப் பார்த்தார்.

"முழிக்காம உன் பெட்டிய எடுப்பா. இங்க உதவி பண்ணணும்னு வந்தவங்க ஒருத்தருமே கிடையாது. எல்லாரும் வரிசையில நிக்க வெக்கப்பட்டவங்கதான், டோரீன்தான் அதுல முதல் ஆளு."