பேருக்கு நின்ற ரோலண்ட்

"ரோலண்ட், ஒரு கெட்ட செய்தி. நீங்க ஜெயிச்சிடுவீங்க போல இருக்கு."

தொலைபேசியில் மியூரியல் இதைச் சொன்னபோது ரோலண்ட் டாப்செல் தன் படகுக்குப் பச்சை வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். தூரிகை நழுவிக் கால்வாயில் விழுந்தது.

"பேருக்கு நின்னா போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அது போன மாசம்."

நடந்தது இதுதான். லண்டனில் ஆட்சி மாறிப் பத்து மாதம் ஆகியிருந்தது. ஆட்சியை இழந்த கட்சியின் மேலிடம் புது உத்தி ஒன்றை அனுப்பியது: உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வார்டையும் சும்மா விடக்கூடாது. ஆட்டர்ஸ்பி வார்டில் அந்தக் கட்சி ஜெயித்து முப்பத்தொரு வருடம். கிளைச் செயலாளர் மியூரியல் எலுமிச்சை கேக் ஒன்றோடு ரோலண்ட் வீட்டுக்கு வந்து, "வாக்குச்சீட்டுல உங்க பேர் இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். கேக்கைத் தின்ற பிறகு கையெழுத்துப் போடாமல் இருக்க ரோலண்டுக்கு மனம் வரவில்லை.

அதற்குள் புது அரசு எல்லார் வாயிலும் விழுந்துவிட்டது. பேரை வாபஸ் வாங்கும் நாளும் தாண்டிவிட்டது.

வாக்குப்பதிவு வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை ரோலண்டும் மனைவி ஜோசலினும் படகில் கிளம்புகிறார்கள், ஒரு வருடத்துக்கு. ஜோசலின் இருபது வருடமாகக் காத்திருந்த பயணம்.

"ஜெயிச்சதும் ராஜினாமா பண்ணிடேன்" என்றாள் அவள்.

"உடனே இன்னொரு தேர்தல் வைக்கணும். ஊரே காறித் துப்பும்."

"அப்ப தோத்துடு. வாழ்க்கையில எத்தனை தடவை தோத்திருக்கே! இந்த ஒரு தடவை வராதா?"

தோற்பதற்கு ரோலண்ட் முறையாகவே இறங்கினார். முதல் வேலையாக, ஒரு வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை என்று முடிவு செய்தார். நாலே நாளில் மதுக்கடையில் பேச்சு கிளம்பியது. "சாப்பிடுற நேரத்துல வந்து மணியடிக்காத ஒரே வேட்பாளர் இவர்தான்யா. கண்ணியமான மனுஷன்!"

சரி, நேரில் போய்க் கெடுத்துக்கொள்வோம் என்று கிளம்பினார். முதல் கதவைத் திறந்தவர் திருமதி பார்ஜிட்டர். ஊரில் யாரும் அவரிடம் வாய் கொடுக்க மாட்டார்கள்.

"பாலத்தை எப்ப சரி பண்ணுவீங்க?"

"பண்ண மாட்டேங்க. என்னால ஆகாது."

"ரோட்டுல பள்ளம்?"

"அதுவும் ஆகாதுங்க."

திருமதி பார்ஜிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாப்பது வருஷமா இந்த வாசல்ல நிக்கிறவனெல்லாம் பொய்தான் சொன்னான். நீங்கதான் முதல் ஆள். சுவரொட்டி இருக்கா? எங்க ஜன்னல்ல ஒட்டணும்."

"இல்லைங்க."

"நானே எழுதி ஒட்டிக்கிறேன்."

சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் பதினாறு ஜன்னல்களில் கையால் எழுதிய டாப்செல்.

மிச்சமிருந்தது ஒரே நம்பிக்கை, எதிர் வேட்பாளர் டெரிக் மாட்டாக். பதினைந்து வருடமாக வார்டு உறுப்பினர், ஆளுங்கட்சிக்காரர். அவரை உசுப்பிவிடலாம் என்று அவர் வீட்டுப் பக்கம் போனார் ரோலண்ட். வீட்டில் ஆளில்லை. ஜன்னலில் ஒரு சுவரொட்டி கூட இல்லை. மாட்டாக்கின் துண்டுப் பிரசுரங்கள் கட்டுப் பிரிக்காமல் பழைய காகிதத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தன.

"பாவம், முதுகு வலியா இருக்கும்" என்று நினைத்துக் கட்டுகளைக் காரில் ஏற்றினார். இரண்டு நாள் மழையில் நனைந்து எழுநூறு வீட்டுக் கதவுகளில் மாட்டாக்கின் பிரசுரத்தைச் செருகினார்.

மறுநாள் மியூரியல் தொலைபேசியில் அழுதேவிட்டார். "எதிராளியோட பிரசுரத்தை நீங்களே போட்டீங்களாமே! ஊரே உருகிப் போச்சு. இப்படி ஒரு பெருந்தன்மை யாருக்கு வரும்!"

ஜோசலின் படகில் அடுக்கியிருந்த ஜாம் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வீட்டு அலமாரியில் திரும்ப வைத்தாள். அதைப் பார்க்க ரோலண்டுக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை தேவாலயக் கூடத்தில், நூலில் கட்டிய பென்சிலால், இருவரும் மாட்டாக் பெயருக்கு நேராக அழுத்திக் குறி போட்டார்கள்.

வெள்ளி காலை விளையாட்டு அரங்கில் எண்ணினார்கள். இரண்டு முறை எண்ணினார்கள். தேர்தல் அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாட்டாக், அறுநூற்றுப் பதினொன்று. டாப்செல், அறுநூற்றுப் பன்னிரண்டு."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. திருமதி பார்ஜிட்டர் விசிலே அடித்தார். ஜோசலின் ரோலண்டின் கையைப் பிடித்து, "பரவாயில்லை. படகு எங்கேயும் ஓடிடாது" என்றாள்.

மாட்டாக் வந்து கையைக் குலுக்கினார். தோற்ற மனிதரின் முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது.

"ஒரே ஒரு ஓட்டு! எனக்கே வருத்தமா இருக்குங்க" என்றார் ரோலண்ட், மனதார.

மாட்டாக்கின் மனைவி டோரீன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ரோலண்டின் காதருகே குனிந்தாள்.

"மன்னிச்சிடுங்க, திரு டாப்செல். இவரையும் பேருக்கு நின்னா போதும், இந்தத் தடவை எப்படியும் தோத்துடுவீங்கன்னு சொல்லித்தான் நிக்க வச்சாங்க. சனிக்கிழமை நாங்க போர்ச்சுகலுக்கே குடிபோறோம், அதனால எங்க வீட்டு மூணு ஓட்டையும் உங்களுக்கே போட்டுட்டோம்."