சால்வை கடைசியில்தான்

கரிவலம்வந்தநல்லூர்,
சனிக்கிழமை.

அன்புள்ள தம்பி ராஜதுரைக்கு அக்கா பொன்மணி எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வண்டியும் சுகம். திருப்பூரில் நீயும் முத்துமணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க கோமதி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். வண்டி சுகமாக இருப்பதுதான் இப்போது எனக்கு வினையாகப் போயிற்று, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம். ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "சரிக்கா, மிஷின் ஓடுது, பெறகு பேசுதேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும்.

என் உதவித்தொகை நின்றுபோனது உனக்குத் தெரியும், ஏன் நின்றது என்று தெரியாது. போன மாதம் மறு ஆய்வு என்று ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த அந்த ஸ்கூட்டரை எனக்குக் கொடுத்தது யார்? சர்க்கார். மேடை போட்டு, சாவியை முழ நீளத்துக்கு அட்டையில் வெட்டி என் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். எதற்குக் கொடுத்தார்கள்? என் கால் இரண்டும் நடக்காது என்பதற்கு. இவர் என்னடாவென்றால் "சொந்த வாகனம் உள்ளது" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார், பென்சன் நின்றுவிட்டது. நான் மட்டும் இல்லை. கீழத்தெரு யோகலட்சுமிக்குப் பிறந்ததிலிருந்து கண் தெரியாது. கதவைத் தட்டிய சத்தத்துக்கு அவளே வந்து திறந்து நாற்காலியும் எடுத்துப் போட்டிருக்கிறாள். "வீட்டில் தடுமாற்றமின்றி நடமாடுகிறார்" என்று எழுதியாயிற்று. அவள் வீட்டில் அவள் எதற்குத் தடுமாற வேண்டும்? மைக்செட் மூக்காண்டிக்கு இடது கை கதிரடிக்கிற மிஷினில் போனது ஊருக்கே தெரியும். மீதி இருக்கிற கையைக் குலுக்கிப் பார்த்துவிட்டு "பிடிமானம் நன்றாக உள்ளது" என்றாராம்.

நீ உடனே "பேசாம இங்க வந்துருக்கா" என்பாய். தெரியும். முத்துமணியும் தங்கமான பிள்ளை, முகம் சுளிக்க மாட்டாள். ஆனால் உன் வீட்டில் நான் வந்திருக்கிற அக்கா, இங்கே நான் பொன்மணி. தையலில் வருவது பாதி மாதத்துக்குத்தான் காணும், மீதிப் பாதியை அந்தப் பென்சன்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. அது திரும்பி வராவிட்டால் வீட்டைப் பூட்டிச் சாவியை உன்னிடம் தரவேண்டியதுதான். அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது, அழுதால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஆகவே அழவில்லை, எம்.எல்.ஏ.வைப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். வருகிற திங்கட்கிழமை, சங்கரன்கோவிலில்.

தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன சிவராமலிங்கம் அண்ணாச்சி தானாக வந்து சேர்ந்துகொண்டார். "சும்மா போயி நின்னா ஒண்ணும் நடக்காதும்மா, எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குல்லா" என்று சொல்லி மனுவை அவரே எழுதினார். அதில் 'பணிந்து' இருந்தது, 'தாழ்மையுடன்' இருந்தது, 'தங்கள் மேலான சமூகத்துக்கு' இருந்தது, பென்சனைத்தான் காணோம். கேட்டால் அது ரெண்டாம் பக்கம் வரும் என்றார். பிறகு எல்லாரிடமும் வசூல் பண்ணி ஜரிகை வைத்த சால்வை ஒன்று வாங்கிவந்தார். ஒத்திகை பார்த்தே ஆகவேண்டும் என்றும் அவர்தான் சொன்னார்.

ஒத்திகை மூக்காண்டியின் கொட்டகையில், வாடகைச் சேர்களுக்கு நடுவில் நடந்தது. எம்.எல்.ஏ. வேஷம் மூக்காண்டிக்கு. எல்லாக் கட்சி மேடைக்கும் மைக் கட்டினவன், யாரையும் விட்டுவைக்காமல் பார்த்திருக்கிறான். ஒழுங்காகச் செய்கிறேன் பேர்வழி என்று முதலில் ஆளையே காணோம். வெயிலில் எங்களைக் காக்கவைத்துவிட்டுப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். ஏலே, என்ன இது என்று சத்தம் போட்டால், "நெசமா இருக்கணும்லா?" என்கிறான். பிறகு வெள்ளை வேட்டியில் வேகமாக வந்தான். அண்ணாச்சி சால்வையைப் போட்டார், மனுவைக் கொடுத்தார். மூக்காண்டி அதைப் படிக்காமலேயே தலையை ஆட்டி, "எல்லாம் நம்ம பிள்ளையள்லா, நான் பாத்துக்கிடுதேன். போயி நிம்மதியா இருங்க" என்று யோகலட்சுமி தலையில் கையை வைத்தான். எல்லாரும் நெருங்கி நின்று போட்டோ எடுத்தோம். கைதட்டினோம். யோகலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சந்தோஷமாக வண்டியை எடுத்துத் தெருமுக்கு வரை வந்துவிட்டேன். அங்கே வந்தபிறகுதான், வாக்குக் கொடுத்தது மூக்காண்டி என்பதே நினைப்பு வந்தது.

திரும்பிப் போய்ச் சொன்னேன்: "அண்ணாச்சி, நம்ம ஊர்ல சால்வையப் போட்டு போட்டோ எடுத்தாச்சுன்னா வேல முடிஞ்சுது. அவுங்களும் போயிருவாங்க, நாமளும் போயிருவோம். அதனால சால்வை என் வண்டி டிக்கியிலேயே கெடக்கட்டும். பதில் வாங்குன பெறகுதான் வெளிய வரும்." அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிட்டது. சால்வை போடாமல் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது, வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணி கொடுக்காத மாதிரி இருக்கும்லா என்றார். வந்தவருக்குத் தண்ணி கொடுத்துத்தான் இப்படி நிற்கிறோம் என்றேன்.

ரெண்டாம் ஒத்திகையில் மூக்காண்டி நழுவப் பார்த்தான். எந்தத் தெரு, அப்பா பேர் என்ன, மழை உண்டா என்று பேச்சை எங்கெங்கோ கொண்டுபோனான். ஆனால் யோகலட்சுமி அவன் கையைப் பிடித்துவிட்டாள். உனக்குத்தான் தெரியுமே, யாரோடு பேசினாலும் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பேசுவாள், எதிரில் ஆள் நிற்கிறாரா போய்விட்டாரா என்று தெரியவேண்டுமே. மூக்காண்டிக்கு இருப்பதே ஒரு கை, அதுவும் அவளிடம். கும்பிட முடியவில்லை, மனுவை வாங்க முடியவில்லை, மூக்கைச் சொறியக்கூட முடியவில்லை. "ஏட்டி, விடுட்டி! பென்சன் வாங்கித் தாரேன், விடு!" என்று கத்தினான். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த முதல் உருப்படியான வாக்கு அதுதான். உடனே திட்டம் போட்டோம். எம்.எல்.ஏ.வின் ஒரு கையை யோகலட்சுமி பிடித்துக்கொள்வாள், அவர் எங்கள் முன்னாலேயே ஆபீஸுக்குப் போன் போட்டால்தான் விடுவாள். அண்ணாச்சி யோசித்து, "அவருக்கு ரெண்டு கை இருக்கேம்மா" என்றார். "இன்னொரு கை போன் எடுக்க வேண்டாமா அண்ணாச்சி?" என்றேன்.

எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. யார் எங்கே நிற்பது, யார் முதலில் பேசுவது, எல்லாம் முடிவாகிவிட்டது. நீ இதற்காக லீவு போட்டு வரவேண்டாம். என் காரியத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று காட்டத்தான் இவ்வளவும். பிள்ளைகளுக்கு என் முத்தம். முத்துமணியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். கோமதி அம்மன் உங்கள் எல்லாரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
பொன்மணி.

பி.கு.: இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கடிதத்தைப் பெட்டியில் போடுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. சங்கரன்கோவிலில் ஒரு கல்யாணத்துக்கு மைக் கட்டப்போன மூக்காண்டி, "யக்கா, ஆளு இங்கதான் இருக்காரு, ஓடியா" என்று போன் பண்ணினான். ஓடி வரச் சொல்கிறான், என்னிடம்! யோகலட்சுமியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். அண்ணாச்சி பைக்கில் வந்தார். மண்டப வாசலில் எம்.எல்.ஏ.வைக் கண்டதுதான் தாமதம், அண்ணாச்சிக்குக் கை தன்னால் என் டிக்கியைத் திறந்துவிட்டது. சால்வையைப் போட்டுவிட்டார். போட்டோ எடுத்தாயிற்று. "நம்ம பிள்ளையள்லா, பாத்துக்கிடுதேன்" என்றார் அவர், அப்படியே மூக்காண்டி சொன்னது. கார் போய்விட்டது. நான் வண்டியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், மறைக்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் யோகலட்சுமி ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எம்.எல்.ஏ.வின் பி.ஏ.வுடைய கை. "அம்மா, கார் போகுது, விடுங்கம்மா" என்று அவர் கெஞ்ச, "போன் போடுங்க சார், விடுதேன்" என்கிறாள் இவள். வேறு வழியில்லாமல் அவர் அங்கேயே நின்று ஆபீஸருக்குப் போன் போட்டு, எங்கள் எல்லார் பேரும் சொல்லி, வியாழக்கிழமை வேறு ஆள் வந்து மறுபடி பார்ப்பதாகப் பதில் வாங்கித் தந்துவிட்டுத்தான் ஆட்டோ பிடித்துப் போனார். "ஆள மாத்திப் புடிச்சிட்டியேட்டி" என்று அண்ணாச்சி சிரித்தார். "மாத்திலாம் புடிக்கல. எம்.எல்.ஏ.வோட சென்டு வாசம் காருக்குப் போயிட்டு. எந்தக் கையில போனு அடிச்சிக்கிட்டே இருந்துச்சோ அதத்தான் புடிச்சேன்" என்றாள்.

வண்டியைப் பக்கத்து வீட்டில் ஒளித்துவை என்கிறார் அண்ணாச்சி. ஒளிக்கமாட்டேன். வருகிறவர் முன்னாலேயே வண்டியிலிருந்து இறங்கி, வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் நான் எப்படிப் போகிறேன் என்று அவரைப் பார்க்கச் சொல்லப்போகிறேன். தரையில் தவழ்ந்துதான் போவேன், நீ பார்த்ததுதானே. ஆனால் அதை அயலார் ஒருத்தர் மட்டும் நின்று பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் மேலே வரவேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடு. லீவு போட்டுவிட்டு வா. வரும்போது நல்லதாக ஒரு சால்வை வாங்கி வா, யோகலட்சுமிக்குப் போடவேண்டும்.