பாறையைப் பார்த்த வாசக்கால்

செஞ்சி
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் தனசேகரன் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் தனகோட்டி வணங்கி எழுதுவது. இங்கு நானும் பாறையும் சுகம். அங்கு தாங்களும், தங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் என் மனைவி விருத்தாம்பாளும் சுகமாக இருக்க அங்காளம்மன் துணை. போன் போட்டால் நீங்கள் அதை அவளிடம் கொடுத்துவிடுகிறீர்கள், அவள் மூச்சுவிடாமல் வைத்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். தபால் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயரானவன் உங்கள் ஊர் அவலூர்பேட்டைக்கு வரும் பஸ் கண்டக்டரிடம் கடிதம் கொடுத்தனுப்புவது மானக்கேடுதான். என்ன செய்ய, இன்று தபால் கிடையாது.

அவள் பக்கத்து நியாயத்தை அவள் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேளுங்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க ஒட்டிய பார்சல்களைத் தூக்கி வைத்தவன் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. அந்த ஆசையெல்லாம் சேர்ந்துதான் ரிட்டயரானதும் வீட்டு மிக்சியைக் கழற்றினேன், ஃபேனைக் கழற்றினேன். வீட்டுக்குள் இனி ஸ்க்ரூடிரைவர் வரக் கூடாது என்று விருத்தாம்பாள் சொன்னதால்தான் மேல்மலையனூர் ரோட்டு நிலத்தில் ஒரு பட்டறை கட்ட முடிவு செய்தேன். ரோட்டைப் பார்த்து அகலமான வாசல், நடுவில் நீங்கள் தருவதாகச் சொன்ன பழைய லேத், சுவரெல்லாம் ஸ்பேனர் என்று மனசுக்குள் எப்போதோ குடிபுகுந்துவிட்டேன். நிலத்தின் பின்பக்கம் வீடு உயரத்துக்கு ஒரு பாறை இருப்பதை நான் பொருட்படுத்தவில்லை, நம் ஊரில் பாறை இல்லாத நிலம் யாரிடம் இருக்கிறது?

வாசக்கால் வைக்க நிறைந்த நாள் என்று அமாவாசையைக் குறித்தேன். அன்று அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் மறந்தே போயின. ரோட்டுப் பக்கம் பஸ்ஸும் வேனும் அடைத்துக்கொண்டு நிற்க, வாசக்காலை ஏற்றி வந்த குட்டியானை வண்டி கொல்லை வழியாகச் சுற்றிப் பாறைப் பக்கம் வந்து நின்றது. அசல் வேங்கை மரம், இறக்குவதற்குள்ளேயே ஆட்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது, ராகுகாலமோ நெருங்குகிறது. இறக்கிய இடத்திலேயே பள்ளம் தோண்டி, நவதானியம் போட்டு, பால் ஊற்றி, மஞ்சள் குங்குமம் வைத்து நட்டுவிட்டோம். அப்புறம்தான் அது பாறையைப் பார்த்து நிற்பது தெரிந்தது. பிடுங்கித் திருப்பலாம் என்றேன். பூஜை போட்ட வாசக்காலில் கை வைக்க மாட்டேன் என்று மேஸ்திரி வீராசாமி கரணையைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் காலத்தில் நம் செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி உச்சிக்குப் பீரங்கியையே ஏற்றியிருக்கிறார்கள், எப்படி ஏற்றினார்கள் என்று நான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு ஒரு வாசக்காலைத் திருப்ப ஆளில்லை. இப்போது பாறைக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு ஆள்தான் நுழையலாம். உங்கள் லேத் நுழையாது.

இருந்தாலும் பட்டறை பட்டறைதானே. சுவரும் கூரையும் எழும்பியதும், தரை போடும் வரை பொறுக்காமல், விருத்தாம்பாள் அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் தையல் மெஷினை முதல் வேலையாகக் கொண்டுபோனேன். அவள் வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள், கேட்கவில்லை, அது தப்புதான். தைக்கும்போது நடுநடுவே ஒரு தையல் விட்டுப்போகிறதே, ஏன் என்று பார்க்கத்தான் திறந்தேன். அவள் வந்து பார்த்தபோது மெஷின் நியூஸ் பேப்பர் மேல் பாகம் பாகமாகக் கிடந்தது. எதிர்வீட்டு சின்னப்பொண்ணு தன் மகள் கல்யாண ஜாக்கெட்டுக்காகக் காத்திருக்கிற நேரம் அது. விருத்தாம்பாள் கத்தவில்லை. குனிந்து எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்தாள்.

"மிசினு ஓடுனா சொல்லி அனுப்புங்க. அதுவரைக்கும் எங்கண்ணன் வூட்லதான் இருப்பன்" என்றாள்.

நானும் எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன் மச்சான். ஆனால் ஊசியை இறுக்கிப் பிடிக்கும் குட்டி ஸ்க்ரூவைக் காணோம். பழைய மெஷின், செஞ்சிக் கடைகளில் அந்த மரைக்குப் பொருந்துகிற ஸ்க்ரூ இல்லை. மறுநாள் போட்ட சிமென்ட் தரைக்குள் போயிருக்கும் என்று வீராசாமியை விட்டுத் தரையை உடைக்கச் சொன்னேன். "சார், ஸ்க்ரூ கெடைக்காது. தரைதான் போவும்" என்றார். தரை போய்விட்டது.

வீட்டில் தையல் மெஷின் மிதிக்கும் சத்தம் இல்லை. இத்தனை வருஷமும் அந்தச் சத்தத்தில்தான் மத்தியானம் தூங்கியிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. இதை நீங்களே பக்குவமாகச் சொல்லி அவளை அனுப்பி வைக்க வேண்டும். தங்கள் குடும்பத்தில் அனைவருக்கும் என் வணக்கங்களும், சிறியவர்களுக்கு ஆசிகளும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
தனகோட்டி

பின்குறிப்பு: கடிதம் கொடுக்கக் காத்திருந்த பஸ்ஸிலிருந்தே விருத்தாம்பாள் இறங்கினாள். நேரே பட்டறைக்கு நடந்தாள். வாசலில் நின்று பாறையைப் பார்த்தாள்.

"ரோட்ல போறவன் எவனும் எட்டிப் பாக்க முடியாது. பொம்பளைங்களுக்கு அளவெடுக்க இதவிட நல்ல எடம் எங்க இருக்குது?" என்றாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த ஸ்க்ரூவை எடுத்தாள். "இது உங்க கையில இருந்திருந்தா மாட்டிட்டு மறுபடியும் கழட்டியிருப்பீங்க."

ஆகவே லேத் வேண்டாம். ஜாக்கெட் கொக்கியும் லைனிங் துணியும் அனுப்பவும். உள்ளே மெஷின் ஓடுகிறது, நான் வெளியே பாறை நிழலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மனசு நிறைந்திருக்கிறது. ஆனால் மச்சான், நடுநடுவே அந்த ஒரு தையல் இன்னும் விட்டுப்போகிறது, காதில் நன்றாகவே கேட்கிறது. ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் போனில் வேண்டாம், தபாலில் எழுதவும்.