செட்டைக்கு விரல் முளைத்த கதை

யாழ்ப்பாணத்தில் புது மாப்பிள்ளை பிழை விட்டால் திருத்த ஆளில்லை. முதல் மூன்று மாதம் அவன் வாயால் வருவதெல்லாம் தேவாரம். நாலாம் மாதத்திலிருந்து அவன் உண்மையாகவே தேவாரம் பாடினாலும் ஒருவரும் காது கொடுக்கமாட்டார்கள். நான் அந்த முதல் மூன்று மாதத்துக்குள் அகப்பட்டவன்.

தொண்ணூற்றிரண்டில், கடலோரப் பருத்தித்துறையிலிருந்து வந்து சண்டிலிப்பாயில் கலியாணம் கட்டி, வழக்கப்படி பெண் வீட்டோடு போய்ச் சேர்ந்தேன். மாமா புகையிலைத் தோட்டக்காரர். நான் தோட்டத்தைப் பற்றிக் கதைத்தால் புகையிலைக் கன்றே சிரிக்கும். ஆனாலும் அந்த வீட்டில் என் சொல்லுக்கு ஒரு மதிப்பு வேண்டுமென்று மனம் கிடந்து துடித்தது.

பொருளாதாரத் தடையால், கொசு விரட்டும் நுளம்புத்திரியைக் கண்ணாலும் காணாத காலம் அது. அயல் முழுக்கத் தண்ணீர் அள்ளும் எங்கள் கிணற்றில் நுளம்பு பெருகியது.

"கிணத்துக்கை மீன் விட்டால் உதெல்லாத்தையும் திண்டுபோடும்," என்றார் மாமா.

"மீனை என்னட்டை விடுங்கோ மாமா. நான் பருத்தித்துறைக்காரன்!"

(குழம்புச் சட்டிக்கு வெளியே நான் மீனைக் கண்டது குறைவு. அது அவர்களுக்குத் தெரியாதுதானே.)

மாரி வெள்ளம் நின்ற பள்ளக்காணியில் கறுப்புக் கறுப்பாக வாலாட்டி நீந்தியவற்றை ஒரு வாளி அள்ளி வந்து, கிணற்றடித் தொட்டியில் விட்டேன். மாமா குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"நல்ல சுறுசுறுப்பு, தம்பி."

கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை கிணற்றில் விடுவதென்று அயலுக்கெல்லாம் அறிவித்தேன்.

அன்றிலிருந்து நான் தாயுமானேன், வைத்தியருமானேன். வாளி பட்டு ஒன்றின் வால் கிழிந்தது. அதைத் தனியே ஒரு சிரட்டையில் விட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அவித்த கீரையை விரல் நுனியில் ஊட்டினேன். மாமி தினமும் விசாரிப்பார்: "தம்பி, நோயாளி சாப்பிட்டவரோ?"

ஒருநாள் வாலடியில் இரண்டு பக்கமும் ஏதோ துருத்தின.

"மாமி, மீனுக்கு நீந்துற செட்டை வருது!"

மாமி எட்டிப் பார்த்தார். "ஓம் தம்பி. செட்டைக்கு விரலும் வருது போலை."

(அப்போதாவது எனக்கு மண்டையில் ஏறியிருக்கவேண்டும். ஏறவில்லை.)

பிறகு எல்லாம் ஒரேயடியாகச் சாப்பாட்டை நிறுத்தின. கீரை, புட்டு, முட்டை மஞ்சள் கரு, எதையும் தொடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. வெயில்தான் காரணமென்று தீர்மானித்து, தொட்டியைச் சாக்கால் மூடி, நோயாளியையும் உள்ளே சேர்த்து, வெள்ளிக்கிழமை வரை ஒருவரும் திறக்கக்கூடாதென்று கட்டளையிட்டேன்.

வெள்ளி காலை அயலவர்கள் குடங்களோடு வந்து நின்றார்கள். நான் பட்டு வேட்டியில். மாமா தேங்காய் உடைத்தார். சாக்கை இழுத்தேன்.

தொட்டி பாய்ந்தது! நகக்கண் அளவு தவளைகள், நாலு திசையிலும். ஒன்று பக்கத்து வீட்டு அக்காவின் குடத்துக்குள் விழுந்தது. அவ குடத்தைப் போட்டுவிட்டு, "ஐயோ தம்பி, உங்கடை பருத்தித்துறையிலை மீனெல்லாம் உப்பிடியோ பாயும்?" என்றா. குட்டை வாலோடு ஒன்று என் காலில் ஏறி உட்கார்ந்தது. நோயாளி. பூரண குணம்.

"மாமா, உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"வாளியோடை வரேக்கையே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"புது மாப்பிள்ளை. மீன் எண்டு சொல்லுறியள். நாங்கள் என்னெண்டு இல்லை எண்டுறது?"

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அவ்வளவு ஆசையாக் கீரை ஊட்டினியள், அதுதான்..."

அத்தோடு என் தேவாரக் காலம் முடிந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இன்று எனக்கும் மருமகன் இருக்கிறார். போனகிழமை சாப்பாட்டு மேசையில் நான் எதையோ அடித்துச் சொல்ல, அவர் மரியாதையாகத் தலையாட்டினார். என் மனைவி கீரையை அவருடைய சோற்றுக் கோப்பையில் போட்டபடி சொன்னாள்:

"அவசரப்பட்டு நம்பாதேங்கோ தம்பி. மாமாவின்ரை கதைக்கு இன்னும் கால் முளைக்கேல்லை."