வெளியே விட ஒரு வார்த்தை

மேலாளர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார் என்று தெரிந்தபோது அகராதிக்குப் பரிதாபம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. மூன்று மாதமாக அந்த மனிதரின் ஒரே ஒரு கையெழுத்துக்காக நாயாய் அலைகிறார். இன்றைக்குப் பார்த்தா இந்த லிஃப்ட் நிற்க வேண்டும்?

அகராதி என்பது அவர் பெயரில்லை. லிஃப்டுகளைப் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டம். மனைவியும் மகளும் இருக்கும் ஊருக்கு அவருக்கு மாற்றல் கிடைத்திருந்தது. இங்கிருந்து ரிலீவ் செய்ய மேலாளர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. இன்று மாலை ஐந்துக்குள் போடாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

மதியம் மாற்றல் உத்தரவோடு அவர் பின்னாலேயே ஓடினார். “கீழே ஒரு சின்ன வேலைய்யா, இதோ வந்துடறேன்” என்று மேலாளர் நான்காவது மாடியில் லிஃப்டுக்குள் நுழைந்தார். கதவு மூடியது. மூன்றாவது மாடிக்கு மேலே அரைகுறையாக நின்றது.

லிஃப்ட் கம்பெனியின் சொந்த லிஃப்ட். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

மெக்கானிக் சாவியோடு வந்துவிட்டார். ஆனால் கதவில் கைவைக்கவில்லை.

“திறங்க!”

“புகார் நம்பர் குடுங்க சார்.”

“உள்ளே இருக்கிறது நம்ம மேலாளர்!”

“போன மாசம் நம்பர் வர்றதுக்கு முன்னாடி கதவைத் திறந்து ஒரு கர்ப்பிணி அம்மாவை வெளியே விட்டேன். எனக்கு மெமோ குடுத்ததே இவர்தான்.”

நம்பர் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் புகார் ஏற்ற வேண்டும். புகாரில், மாட்டிய ஆளை என்ன செய்யப் போகிறோம் என்பதற்கு ஒரே ஒரு ஆங்கில வார்த்தை போட வேண்டும். வார்த்தையைப் பொறுத்துத்தான் ஏற்பாடு நடக்கும். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் ரெஸ்க்யூ என்று எழுதியதில் வாடிக்கையாளர்கள் மிரண்டு போனார்களாம். இந்தப் புதிய விதியைக் கொண்டுவந்த புண்ணியவான் இப்போது லிஃப்டுக்குள் இருந்தார்.

அகராதி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, பக்கத்துச் சுவரிலிருந்த இன்டர்காமை எடுத்தார்.

“சார், பயப்படாதீங்க. என்ன வார்த்தை போடட்டும்?”

“அவசரப்படாதே. நிதானமா யோசி. மணி என்ன?”

“மூணரை சார்.”

“அப்படியா” என்றார் மேலாளர். குரலில் லேசான ஏமாற்றம் தெரிந்தது.

“லிபரேட் போடலாமா சார்?”

“லிபரேட்னா ஒரு நாட்டுக்கே விடுதலை வாங்கித் தர்றது. நான் என்ன நாடா?”

“எக்ஸ்ட்ரிகேட்?”

“முள்ளுல மாட்டின துணியைக் கிழியாம எடுக்கிற மாதிரி வேலை அது. நான் எதிலயும் சிக்கலையே. நின்னுக்கிட்டுதானே இருக்கேன்?”

“அப்போ ரிலீஸ்?”

“ம்... ரிலீஸ்னா பிடிச்சு வெச்சதை விடறது. அது பொருந்தும். போடு.”

அகராதி போட்டார். மெக்கானிக்கின் ஃபோன் கிணுகிணுத்தது. அவர் படித்துப் பார்த்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார்.

“நம்பர் வந்துடுச்சு சார். ஆனா ரிலீஸ்னா அவசரமில்லையாம், வரிசைப்படிதானாம். முதல்ல கண் ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்க்கப் போகச் சொல்லியிருக்கு.”

“யோவ், சாவியை வெச்சுட்டாவது போங்களேன்!”

“சாவி என் பொறுப்பு சார்.”

இருந்த ஒரு மெக்கானிக்கும் படியிறங்கிப் போய்விட்டார். அகராதி தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மனைவி கூப்பிட்டாள்.

“கையெழுத்து ஆச்சா?”

“அவரு லிஃப்டுல மாட்டிக்கிட்டாரும்மா.”

“போன வாரம் பல்வலி. அதுக்கு முந்தின வாரம் பேனா எழுதலை. இப்ப லிஃப்டா?”

“நிஜமாத்தான் சொல்றேன்.”

“பாப்பா செருப்பு அலமாரியில உங்களுக்குன்னு ஒரு தட்டைக் காலி பண்ணி வெச்சிருக்கா. யாரையும் அதுல செருப்பு வைக்க விடமாட்டேங்கிறா. நான் என்னோடதை வெளியிலதான் விடறேன்.”

ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி மாதிரி போய், செருப்பை வாசலிலேயே விட்டுத் திரும்புகிற மனிதர் அவர். ஃபோனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். எப்படியாவது மெக்கானிக்கைத் திரும்ப வரவழைக்க வேண்டும். இவாக்குவேட் என்று அடித்தார்.

அடித்த கையோடு கட்டடம் முழுக்க மணி அலறியது.

அதற்கப்புறம் நடந்ததை அவர் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். ஐந்து மாடி ஜனமும் தெருவில் நின்றது. இரண்டாவது மாடிப் பல் மருத்துவர் கையில் குறடோடு நின்றார். அவருடைய நோயாளி வாய் நிறையப் பஞ்சோடு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். என்ன திட்டினார் என்று யாருக்கும் புரியாதது நல்லதாய்ப் போயிற்று.

மெக்கானிக் கூட்டத்தை எதிர்த்து ஏறி, மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தார்.

“ஏன் சார் இவாக்குவேட் போட்டீங்க? ஒரு இடத்துல இருக்கிற எல்லாரையும் அப்புறப்படுத்தறதுல்ல அது! பழைய நம்பரும் ரத்தாயிடுச்சு.”

“புது நம்பர் எப்ப வரும்?”

“கட்டடத்துல ஒரு ஆள்கூட இல்லைன்னு உறுதியானதும் வரும்.”

“உள்ளே இவரு இருக்காரே!”

“அதனாலதான் வராது.”

அகராதி சுவரில் சாய்ந்தார். இந்த விதியை எழுதியவரைத் திட்டலாம் என்றால், பதில் சொல்ல இன்டர்காமில் அவரே தயாராக இருந்தார்.

“உள்ளே லைட் எரியுதான்னு கேளுங்க” என்றார் மெக்கானிக்.

“எரியுது” என்றார் மேலாளர்.

“ஃபேன்?”

“நல்லாவே சுத்துது. மணி என்ன?”

“நாலே முக்கால் சார்.”

“பரவாயில்லையே!”

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். அகராதிக்குக் கடிகாரத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

“சார், ரெஸ்க்யூ போட்டுடறேன்.”

“ஐயையோ, அது மட்டும் வேண்டாம்! உயிருக்கு ஆபத்து இருந்தாத்தான்யா ரெஸ்க்யூ. எனக்கு என்ன ஆபத்து? காத்தோட்டமா இருக்கேன். போட்டா தலைமை அலுவலகம் வரைக்கும் போயிடும். இன்னும் கொஞ்சம் யோசி. டெலிவர்னு ஒண்ணு இருக்கே, அதை அலசுவோம்...”

அகராதிக்கு அலச ஒன்றும் மிச்சமில்லை. இத்தனை வருடமாக இவருக்காகத் தேடித் தேடி எடுத்த வார்த்தைகளெல்லாம் ஒரே நேரத்தில் கசந்தன. ரெஸ்க்யூ என்று அடித்தார்.

உயிர் விஷயம் என்பதால் மெக்கானிக்குக் கையோடு நம்பர் வந்தது. சாவியோடு மூன்றாவது மாடிக்கு இறங்கினார். மேஜைத் தொலைபேசி அடித்தது. தலைமை அலுவலகத்து அம்மாள்.

“மேலாளர் ஆபத்துல இருக்காருன்னு வந்திருக்கு. டாக்டர் பார்த்து நல்லா இருக்காருன்னு சொல்ற வரைக்கும் அவர் எதிலயும் கையெழுத்துப் போடக் கூடாது. அங்கே அடுத்த சீனியர் யாரு?”

“நான்தான்மா.”

“அப்போ பொறுப்பு உங்களோடது. அவசரமான கையெழுத்து எதாவது நிக்குதா?”

அகராதி மேஜைமேல் கிடந்த உத்தரவைப் பார்த்தார்.

“ஒண்ணே ஒண்ணு நிக்குது. ஆனா அது என்னை ரிலீவ் பண்றதும்மா.”

“பொறுப்புல இருக்கிறவர் போடணும்னுதான் விதி. யாருக்குப் போடக் கூடாதுன்னு விதி இல்லை. அஞ்சுக்குள்ள அனுப்பிடுங்க.”

கையெழுத்துப் போட்டு அனுப்பினார். கிடைத்தது என்று பதிலும் வந்தது. அழுகை வரும்போல இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

மேலாளர் சட்டை கசங்காமல் லிஃப்டிலிருந்து வெளியே வந்தார். முதல் வேலையாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அகராதியின் தோளில் கைபோட்டார்.

“அடடா, அஞ்சு தாண்டிடுச்சேய்யா! உன் கையெழுத்து இப்படி ஆயிடுச்சே. என் மனசே கேட்கலை. சரி விடு, உனக்கும் இந்த ஊருக்கும்தான் ராசி.”

“ஆயிடுச்சு சார்.”

“என்ன ஆயிடுச்சு?”

“கையெழுத்துதான். நீங்க உள்ளே இருந்ததால பொறுப்பை எனக்குக் குடுத்தாங்க. நானே போட்டுக்கிட்டேன்.”

மேலாளர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நாலு பேர் தூக்கினாலும் எழுந்திருக்க மாட்டார் போலிருந்தது.

“பாவம், உள்ளே ரொம்பத்தான் கஷ்டப்பட்டுட்டாரு” என்றார் அகராதி.

மெக்கானிக் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அகராதியின் காதருகே வந்தார்.

“அந்த ரெஸ்க்யூவை அழிச்சுடுங்க சார். லிஃப்டுல ஒரு கோளாறும் இல்லை, நிறுத்தற சிவப்பு பட்டனை உள்ளேருந்து அவரேதான் அழுத்தி வெச்சிருந்தாரு.”