ஊடுமாறி அக்காவும் வடக்குத் திசையும்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் வீடு மாறுவதில் ஊடுமாறி அக்காவை மிஞ்ச இன்னொருவர் பிறந்திருந்தால், அவரும் இந்நேரம் வேறு ஊருக்கு மாறிப் போயிருப்பார். சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி எந்தத் தெருவில் அவரோடு நடந்தாலும் ஏதாவது ஒரு கதவைக் காட்டி, "இந்த ஊட்ல நான் இருந்துகிறேன்" என்பார். அதைக் கேட்டதும் அந்த வீட்டுச் சொந்தக்காரர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன்.

பெயர் வைத்தது ஒரு டீக்கடை. எங்கள் பக்கத்தில் ஆளைத் திட்ட 'மொள்ளமாறி' என்றொரு சொல் உண்டு. வாய் சும்மா இருக்காத டீக்கடைக்காரர் ஒருநாள், தலையில் பாத்திர மூட்டையோடு போன அக்காவைப் பார்த்து, 'ஊடுமாறி வருது பார்' என்றுவிட்டார். வேறு பெண்ணாக இருந்திருந்தால் அவர் கடையில் ஒரு கிளாஸ் மிஞ்சியிருக்காது. அக்கா மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"மொள்ளமாறின்னா திட்டு. ஊடுமாறின்னா பட்டம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டுத்தான் போனார். அன்றிலிருந்து கொரியர்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் விசாரிக்கிறார். விலாசத்தை நம்பினால் பார்சல் போய்ச் சேராது.

அக்காவுக்கு வேலை ஒரு கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில். பகலில் கம்பெனிக்காக மூட்டை கட்டுவார், லீவு நாளில் தனக்காகக் கட்டுவார். அவர் கணவர் அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அதிகம் பேசாத மனுஷர். வீடு மாறப் போகிறோம் என்று அக்கா சொன்னால் ஏணியைப் போட்டு ஃபேனைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். எந்த வீடு, எந்தத் தெரு என்றெல்லாம் கேட்டு நேரத்தை வீணாக்க மாட்டார்.

இத்தனை வீடு மாறியவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "ஒரு தப்ப நான் ரெண்டு தபா பண்ணமாட்டேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். அது சத்தியமான வார்த்தை. ஒவ்வொரு வீட்டுக்கும் புத்தம் புதிதாக ஒரு தப்பு செய்வார்.

ஒரு வருஷம் ஆயுத பூஜை அன்றைக்கு வீடு பார்க்கப் போனார். கம்பெனிக்கு லீவு, நல்ல நாள், வீடும் விசாலம். மொட்டை மாடியில் ஏறி நின்றால் தென்னங்கீற்று ஆடுகிற சத்தம்கூடக் கேட்டது. 'ஊட்டி மாதிரி கீது' என்று பூரித்துப்போய் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். ஊரிலிருக்கும் மெஷின் எல்லாம் அந்த ஒருநாள் மட்டும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு சும்மா நிற்கும் என்பது அவர் மூளைக்கு எட்டவில்லை. இத்தனைக்கும் காலையில் தன் மெஷினுக்குத் தானே மாலை போட்டுவிட்டு வந்தவர். குடிபோன பிறகுதான் தெரிந்தது, பின்சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பைக் காய்ச்சி அடிக்கிற ஃபோர்ஜிங் கம்பெனி. அங்கே சம்மட்டி இறங்கும்போதெல்லாம் அக்காவின் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் மெல்ல நடந்து விளிம்புக்கு வரும். பேசிக்கொண்டே கையை நீட்டி, விழுகிற டம்ளரைப் பிடித்து மறுபடி உள்ளே தள்ள அக்கா பழகிக்கொண்டார். விருந்தாளிகளுக்குத்தான் நெஞ்சு படபடத்தது.

அந்த வீட்டைக் காலி செய்ததும், 'ஆயுத பூஜை அன்னிக்கு ஊடு பாக்காதே' என்று தெருத்தெருவாகப் பிரசாரம் செய்தார். இன்று எங்கள் பக்கத்தில் யாரும் அன்றைக்கு வீடு பார்ப்பதில்லை. புதிதாக வருகிறவர்கள் அதை ஏதோ சாஸ்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த வீடு அமைதியான வீடு. முழுதாகக் கட்டி முடிப்பதற்குள் அக்கா குடிபோய்விட்டார். அவர் அப்பா சீராகக் கொடுத்த தேக்குக் கட்டில், பிரிக்க முடியாத பழைய வேலைப்பாடு, திறந்து கிடந்த பக்கமாகச் சுலபமாக உள்ளே போய்விட்டது. பிறகு வீட்டுக்காரர் அந்தப் பக்கம் சுவர் எழுப்பி, வாசலுக்கு கிரில் கேட்டும் போட்டார். காலி செய்யும் நாளில் கட்டில் வெளியே வரவில்லை. கணவர் அதைப் படுக்கப் போட்டார், நிறுத்திப் பார்த்தார், கம்பெனியில் டன் கணக்கில் தூக்குகிற மனுஷர், கடைசியில் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கட்டில் இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. அங்கே குடிவருகிறவர்களுக்குக் குழந்தை பிறந்தால் அக்கா பழத்தோடு போய்ப் பார்ப்பார். 'நம்ம கட்டிலு ராசி' என்று ரொம்பப் பெருமை.

அதற்கடுத்த வீட்டில் வாசல் அளந்தார், கட்டில் அளந்தார், எல்லாம் சரி. கேஸ் இணைப்பை மாற்றிக்கொள்ளத்தான் மறந்துவிட்டார். விடியற்காலை நல்ல நேரம் தாண்டுகிறதே என்று இண்டக்‌ஷன் அடுப்பில் பால் காய்ச்சினார். பால் பொங்கி வழிந்ததும் அடுப்பு கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. கூடவே வீட்டு ஃபியூஸும் போனது. கும்மிருட்டில் வந்திருந்த உறவுக்காரர்கள் சகுனம் சரியில்லை என்று முணுமுணுத்தார்கள். அக்கா அசரவில்லை. "பொங்குச்சா இல்லியா, அத்த சொல்லு. அடுப்புக்கு சந்தோஷம் தாங்கல, கத்திடுச்சு" என்று சொல்லி எல்லோருக்கும் இருட்டிலேயே பாலைக் கொடுத்தார். அந்த வீட்டில்தான் அவர் பெண் ப்ளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாள்.

இப்படித் தப்பிலேயே படித்துப் பட்டம் வாங்கியவர், ஊருக்கு ஆலோசகர் ஆகிவிட்டார். யார் வீடு மாறினாலும் கூப்பிடாமலே வருவார். காலையிலும் சாயங்காலமும் ஷிப்ட் விடுகிற நேரத்தில் தெருவைப் போய்ப் பார் என்பார். பக்கத்து மாடியில் காயும் வெள்ளை வேட்டி வெள்ளையாக இருக்கிறதா, மில் தூசியில் பழுப்பேறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். எல்லாம் நல்ல யோசனைதான். மூட்டை கட்டும் பொறுப்பை மட்டும் அவரிடம் கொடுக்கக் கூடாது. என் ஆபீஸ் தோழி ஒருத்தி கொடுத்தாள். அக்கா கப்பலில் போகிற சரக்கு மாதிரி ஒவ்வொரு பெட்டியையும் பட்டை நாடா போட்டு இறுக்கிவிட்டார். பெட்டியைத் திறக்கக் கத்தி வேண்டும், கத்தி பெட்டிக்குள் இருந்தது. அந்தக் குடும்பம் அன்று மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட்டது.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் போன வருஷம் நாங்கள் மாட்டினோம். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், கட்டி விற்பனைக்கு வைத்திருந்த ஒரு சின்ன வீட்டை நானும் என் கணவரும் வாங்கினோம். எங்கள் குடும்பத்தில் முதல் சொந்த வீடு. தரையிலிருந்து கால் ஒரு சாண் உயரத்தில் நடந்துகொண்டிருந்த சமயம். அந்தச் சந்தோஷத்தை என் அப்பா ஒரே பேச்சில் தரைக்கு இறக்கினார்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் விளைவித்தவர், அம்மா போன பிறகு என்னோடு இருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய், இப்போது வெளிச்சம் இருட்டுதான் தெரியும். ஆனாலும் அந்த வாடகை வீட்டில் அவர் கையை ஒருவரும் பிடித்ததில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வலப்பக்கம் காலை ஊன்றினால் நேராக பாத்ரூம். திரும்பும் வழியில் கிரைண்டர், அதைத் தொட்டதும் ஹால், ஹாலில் அவர் நாற்காலி. தானே போவார், தானே வருவார், சட்டைப் பித்தானைத் தானே சரியாகப் போடுவார். கூடப் போனால் கோபம் வரும்.

"இங்க நான் நடக்கிறேன். அங்க என்னை நடத்துவீங்க. நான் வரல" என்றார்.

நான் அழுதேன். என் கணவர், நைனாவுக்குப் புதுக் கட்டில் வாங்கலாம், மெத்தை வாங்கலாம், கூப்பிட மணி வைக்கலாம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். மணி என்றதும் நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நாள் அக்கா வந்து நின்றார். நைனாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. 'அது கால வெச்ச ஊடு காலியாவும்' என்பார். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நைனாவின் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை முந்தானையால் கட்டிக்கொண்டு எழுந்து நடந்தார். கிரைண்டரில் முட்டி இடித்துக்கொண்டார், பாத்ரூம் என்று நினைத்து சாமி அலமாரியைத் திறந்தார். நைனா சத்தத்தை வைத்தே அவருக்கு வழி சொல்ல ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார் அக்கா. "புதுசு ஒண்ணும் வாங்காதே. பழைய கட்டிலு, பழைய கிரைண்டரு, அந்த நாற்காலி, அல்லாம் அப்டியே வரணும். நைனா ரூம கடைசியா கழட்டணும், அங்க போயி மொதல்ல மாட்டணும்" என்றார். அப்படியே நைனாவிடம் போய்ச் சொன்னேன், "என் சாமான் வந்தா நானும் வரேன்" என்றார்.

புது வீட்டில் பால் காய்ச்சினோம், கேஸ் அடுப்பில்தான். மற்ற சாமான் எல்லாம் வாசலில் வெயில் காய, அக்காவும் அவர் கணவரும் நைனாவின் அறையைப் போடத் தொடங்கினார்கள். அங்கேதான் இடி விழுந்தது. பழைய வீட்டை அப்படியே கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது அந்த அறை. கட்டிலை வழக்கம்போலத் தெற்கே தலைமாடு வைத்துப் போட்டால் பாத்ரூம் இடது பக்கம் வந்தது. இத்தனை வருஷமாக வலப்பக்கம் இறங்கியே பழகியவர் தூக்கக் கலக்கத்தில் சுவரில்தான் போய் முட்டுவார்.

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். கட்டிலைத் திருப்பு என்று கணவருக்குச் சைகை காட்டினார். திருப்பியதும் பாத்ரூம் வலப்பக்கம் வந்துவிட்டது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. அதற்குள், பால் காய்ச்ச வந்திருந்த என் அத்தை, நைனாவின் தங்கை, வாசற்படியிலேயே மறித்து நின்றுவிட்டார். தலைமாடு வடக்கே வந்துவிட்டதே. வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதே என்று பெரியவர்கள் சொல்லவில்லையா, அண்ணனை எமனுக்கா தாரை வார்க்கிறீர்கள் என்று கண்ணில் நீரோடு கேட்டார். என் கணவர் கட்டிலை மறுபடி திருப்பப் போனார்.

அக்கா மட்டும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். தண்டவாளம் தெரிந்தது, ஒரு சரக்கு வண்டி வடக்கே சூளூர்பேட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"அத்தே, வடக்குன்னு யாரு சொன்னது? அது ஆந்திரா. நைனா தலைய ஆந்திராவுல வெச்சிகினு, கால மெட்ராஸுக்கு நீட்டிகினு தூங்கப் போறாரு. இதுல எமன் எங்க வர்றான், கூடூர் ரயிலுதான் வரும்" என்றார்.

அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த நைனா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்து முடித்ததும், "எனக்கு வடக்கும் ஒண்ணுதான் தெக்கும் ஒண்ணுதான். நான் நடந்தா போதும். அது சொன்ன மாதிரியே போடுங்க" என்றார். அத்தையும் வாசற்படியை விட்டு விலகினார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அக்கா யூனிஃபார்மோடு வந்துவிட்டார். காலை ஷிப்ட், கம்பெனி பஸ் வருவதற்குள் பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம். நாங்கள் எல்லோரும் ஹாலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. போய்ப் பிடிக்கலாமா என்று என் கணவர் ஓரடி வைத்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். பாத்ரூம் கதவு திறந்தது, மூடியது, தண்ணீர் சத்தம் கேட்டது. பிறகு கிரைண்டர் மேல் நைனாவின் கை தட்டுகிற ஓசை. நைனா நிமிர்ந்த நடையில் ஹாலுக்கு வந்து, நாற்காலியைத் தடவாமலே உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டார். காபி கேட்டார்.

எனக்குச் சொந்த வீடு வந்தது அந்த நிமிஷத்தில்தான். பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்றுகூட அப்படி ஒரு கர்வம் எனக்கு வந்ததில்லை. அக்காவோ பஸ்ஸைக் கோட்டைவிட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவில் போய், பேக்கிங் செக்‌ஷன் முழுக்க இதையே சொல்லிச் சொல்லி அன்றைக்கு ஒரு பெட்டிகூட ஒழுங்காகக் கட்டவில்லையாம்.

போன வாரம் நைனா பேச்சுவாக்கில், ஊடுமாறி இப்போது எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டார். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார், மறுபடியும் வீடு தேடுகிறார் என்றேன்.

நைனா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நம்ம தெருவுல எதனா காலியா கீதான்னு பாரும்மா. அது பக்கத்துல இருக்கட்டும்" என்றார்.

இரண்டு வீடு தள்ளி ஒரு போர்டு தொங்குகிறது, பேசியும் விட்டேன். வாசல் அகலம், பின்னால் கம்பெனி இல்லை, ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறது. வந்தால் அக்கா இங்கிருந்து வேறெங்கும் மாறிப் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல்.